மறுப்புக்கு விளம்பரக் கட்டணம்

அன்று எங்கள் வீட்டில் இருந்தது ஐந்து பேர். நான், என் மனைவி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அண்ணன், சிதம்பரத்துக் கேபிள் சேனலின் நிருபர், அவரோடு வந்த கேமராக்காரர். ஆறாவதாக யாராவது இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார்களோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

2006 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மனைவி சுயேச்சையாக நின்றாள். மனு எழுதி எழுதியே தெருக்குழாயில் தண்ணீர் வரவைத்தவள் அவள். நான் எட்டாம் வகுப்போடு நின்று சைக்கிள் கடைக்குப் போனவன்.

நிருபரின் முதல் கேள்வியே இதுதான்: "ஜெயிச்சா கொள்ளிடத்து வெள்ளம் ஊருக்குள்ள வராம நிறுத்திடுவீங்களா மேடம்?"

"நான் வார்டு மெம்பருக்கு நிக்கிறேன் சார். சாக்கடையத் தூர் வார வைப்பேன்."

"அவ்ளோதானா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார்.

"மழையையும் நிறுத்தச் சொல்லுங்க சார், எங்க வீடும் ஒழுகுது" என்றார் மச்சான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நிருபரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டேன். அவர் முகம் சரியில்லை. செய்தியைக் கெடுத்துப் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். இரக்கம் வரட்டும் என்று, "பாவம் சார் அது. பயத்துல மாத்திர போட்டாத்தான் தூங்குது. பாத்துப் போடுங்க" என்றேன்.

அவள் போட்டது தைராய்டு மாத்திரை, அதுவும் காலையில். தூக்கம் வராமல் புரள்கிறவன் நான்.

மறுநாள் செய்தியில் சாக்கடை இல்லை. 'மாத்திரை போட்டுத் தூங்குபவர் வார்டைக் காப்பாரா? கணவரே கவலை' என்று வந்தது. சேனல் ஆபீசுக்கு ஓடினேன். மேனேஜர் அமைதியாகச் சொன்னார்: "நியூஸுன்னா காசு கெடையாதுண்ணே. மறுப்புன்னா அது விளம்பரம். ஒரு நாளைக்கு அறுநூறு."

மூன்று நாள் மறுப்பை ஓட்டச் சொல்லி, பணத்துக்குக் கடன் சொன்னேன். 'வேட்பாளர் மாத்திரை போட்டுத் தூங்குகிறார் என்பது தவறு. இவண், கணவர்.' படத்துக்குக் கீழே, பாட்டுக்குக் கீழே, காலையிலிருந்து அந்த வரி ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் செய்தியைப் பார்க்காதவர்களும் இப்போது தெரிந்துகொண்டார்கள். அவள் ஓட்டுக் கேட்டுப் போன வாசல்களில், "நல்லா தூங்குனியாம்மா?" என்று விசாரித்தார்கள். டீக்கடையில் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான்: "மாமா, எங்க வீட்டுக் கொசுவுக்கும் ரெண்டு மாத்திர வாங்கியாறது?"

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் டிவி முன்னால் உட்கார்ந்து அந்த வரி இரண்டு முறை ஓடும்வரை பார்த்தாள்.

"தூங்காதது யாரு மாமா?"

"நான்தான்."

"அத எழுதச் சொல்லியிருக்கலாமே."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

தோற்றாள். ரெண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அண்ணனோடு கடலூருக்குப் போனவள், கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன். சோறு போடுவாள். கடை எப்படி ஓடுது என்று கேட்பாள். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று நான் கேட்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஒரு நாள் மேனேஜரிடம் போய், "தூங்காதவன் நான்தான்னு ஒரே ஒரு நாள் ஓட்டுங்க" என்றேன்.

"எலெக்‌ஷன் முடிஞ்சி எத்தினி மாசம் ஆச்சு, இப்ப யாருண்ணே பாக்கப் போறா? மொதல்ல பழசக் கட்டுங்க."

கட்டவில்லை. பணம் இல்லாமல் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எழுதித் தந்த அந்த வரிக்குக் காசை எண்ணிக் கொடுக்கக் கை வரவில்லை. ஆறு வருடம் ஆகிறது. மூன்று நாள் மறுப்புக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இன்னும் பாக்கி.