தொட்காவின் ஆறு மஞ்சள் கதவுகள்

தொட்கா இருபத்தேழு வருஷம் பல்கேரியாவின் ரூசே நகரத்தில் டிராலி பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் அவளுக்குள் அந்த பஸ் நிற்கவில்லை. ஏழாவது மாடி சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டு, கீழே தப்பாகத் திரும்பும் கார்களைத் திட்டுவாள். முட்டை வேக எட்டு நிமிஷம் என்றால் எட்டாவது நிமிஷம் அடுப்பை அணைத்துவிடுவாள். வெந்திருக்கிறதா இல்லையா என்பது முட்டையின் கவலை.

அவள் கணவன் பென்கோ நேர் எதிர். இயந்திரப் பாகங்களைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அது முடியும் நேரத்தில் முடியும். அவனுக்கு இரண்டு வருஷமாகக் கண்ணில் கோளாறு. எதை நேராகப் பார்க்கிறானோ அதன் நடுப்பகுதி கலங்கிவிடும், ஓரங்கள் மட்டும் மிஞ்சும். ஊசி போட்டு மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர்கள் படுக்கையறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஆறு கதவு அலமாரி ஒன்று நின்றது. கல்யாணமான வருஷம் எட்டு மாதம் காத்திருந்து வாங்கியது. கரும்பழுப்பு லேமினேட், முகம் தெரிகிற பளபளப்பு. கைப்பிடிகளும் அதே பழுப்பு. பென்கோ தினமும் காலையில் உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே போய்க் கைப்பிடியைத் தேடுவான்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் அவன் வெளியே போகும்போது, கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். அது தொட்காவின் கம்பளிச் சட்டை, பூப்போட்ட பொத்தான் வைத்தது. வாசல் பெஞ்சில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "என்ன பென்கோ, வீட்ல யாரு இப்ப பேன்ட் போடறது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பென்கோவும் சிரித்தான். மேலே வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவன் கீழே இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தொட்கா, பால்கனிக் கம்பிக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்தாள். அலமாரி வெளுப்பாக இருந்தால் கைப்பிடி தெரியும் என்பது அவள் கணக்கு. ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மேலே பிரஷ். மதியத்துக்குள் இரண்டு கதவு முடிந்துவிட்டது. பளிச்சென்று இருந்தது. அவளுக்கே தன் மேல் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் பென்கோவின் குரல் கேட்டது. அவன் அவளைக் கூப்பிடுவது எப்போதும் தொட்கெ என்றுதான்.

"தொட்கெ, உன் அலமாரி தோல் உரிக்குது."

"தொடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"கைப்பிடியத்தான் தேடினேன். நகம் பட்டுச்சு, கூடவே வந்துடுச்சு."

அவன் கையில் காய்ச்சிய பாலின் ஆடையைப் போல ஒரு முழ நீளப் பெயிண்ட் தொங்கியது. தொட்கா அதை வாங்கிப் பார்த்தாள். இன்னொரு மூலையைத் தானே சுரண்டினாள். அதுவும் வந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் இருந்தது டெனிட்சா என்ற பெண், முப்பது வயதிருக்கும்.

"உரசினீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"துடைச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் துடைச்சேன்."

டெனிட்சா சிரிக்காமல் விளக்கினாள். லேமினேட் கண்ணாடி மாதிரி, எதையும் பிடித்துக்கொள்ளாது. நாற்பது வருஷக் கைப்பிசுக்கு வேறு இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடணும். பொடி உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு மட்டும் போகிற அளவுக்கு உரசணும். தூசியைத் துடைத்துவிட்டு, வழுக்குகிற பரப்பைப் பிடித்துக்கொள்கிற ப்ரைமர் ஒரு பூச்சு. ஒரு நாள் விட்டு, பஞ்சு ரோலரில் மெல்லிசாக ஒரு பூச்சு பெயிண்ட். இன்னொரு நாள் விட்டு அடுத்த பூச்சு.

"ஒரு நாள்னா எத்தன மணி நேரம்?"

"இருபத்துநாலு."

"பன்னெண்டுல முடியாதா?"

"இது பஸ் இல்லம்மா," என்றாள் டெனிட்சா. "நான் ஸ்கூல் படிக்கும்போது ஒருதரம் என்னைய ஸ்டாப்புலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. கைய ஆட்டிக்கிட்டே ஓடி வந்தேன்."

தொட்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நேரமாகியிருக்கும்," என்றாள்.

வீட்டுக்கு வந்து ஆறு கதவையும் கழற்றினாள். பின்னால் பென்சிலில் எண் போட்டாள். துணிமணி எல்லாம் கட்டிலில் குவிந்தது. கூடத்துச் சோபாதான் இனிப் படுக்கை. சாப்பாட்டு மேஜையில் கதவுகள் கிடந்ததால் அவரைக்கொட்டை சூப்பை நின்றுகொண்டே குடித்தார்கள். வெள்ளையைச் சுரண்டி எடுத்து, கழுவி, உரசி, ஒரே நாளில் ஆறும் முடிந்ததென்று கையைத் தட்டிக்கொண்டாள்.

ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பென்கோ எழுந்து வந்து முதல் கதவில் விரல் நுனிகளை ஓட்டினான். மெதுவாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு.

"இங்க வழுக்குது. இங்கயும். இந்த ஓரத்துல நீ வரவே இல்ல."

"பாக்க எல்லாம் மங்கிடுச்சே."

"பாக்க மங்கியிருக்கும். தாளக் குடு. இவ்வளவு அழுத்தாத, தொட்கெ, உள்ள வெறும் மரத்தூள் பலகைதான். மேல இருக்கற மினுக்க மட்டும் எடுக்கணும்."

மறுநாள் சாயங்காலம் வரை அவன் உரசினான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயில் ஒரு சீழ்க்கை வந்தது. தொட்கா அதைக் கேட்காதவள் போல உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

ப்ரைமர் காய்ந்த அன்று நிறம் பார்க்க வேண்டியிருந்தது. டெனிட்சா கொடுத்திருந்த மாதிரிகளை ஆறாவது கதவின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பூசினாள் தொட்கா. வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம், கடைசியில் ஒரு மஞ்சள்.

"எது பிடிச்சிருக்கு?"

பென்கோ ரொம்ப நேரம் நின்றான். பிறகு விரலை நீட்டி, "வெள்ளையே நல்லாருக்கு," என்றான். விரல் சாம்பலைக் காட்டியது.

தொட்கா அவன் விரலை மெல்லப் பிடித்து வெள்ளைக்கு நகர்த்தினாள். எதையும் மெல்லச் செய்வது அவள் வழக்கமில்லை. அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியல, தொட்கெ. குளிர்காலத்துலேர்ந்தே நெறம் சரியாத் தெரியல. கீழ பெஞ்சுல சீட்டு ஆடறேன்னு உக்காந்திருப்பேன், மத்தவங்க சொல்றத வச்சு ஒப்பேத்துவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அவசரமா ஏதாவது செய்வ."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் வெளியே வந்தது சிரிப்புதான். தோலுரிந்த இரண்டு கதவை நினைத்துக்கொண்டாள். அவன் சொன்னதில் தப்பில்லை.

"சரி," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இதுல ஒண்ணாவது தெரியுதா?"

பென்கோ தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பார்த்தான். "அந்தக் கடைசில ஒண்ணு இருக்கே, முட்டை மஞ்சக்கரு மாதிரி. அது தெரியுது. நல்லாவே தெரியுது."

"படுக்கையறையில மஞ்சளா? கோழிப்பண்ணை மாதிரி இருக்கும்."

"நான் பாக்காத வெள்ளைக்கு, பாக்கற கோழிப்பண்ணை மேல் இல்லையா?"

அன்று மதியமே அவள் மஞ்சள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே கறுப்புக் கைப்பிடி ஆறு.

பூசுவது தொட்காவின் வேலை. ரோலரை அழுத்தாமல், ஒரே திசையில், நடுவில் நிற்காமல் ஓட்ட வேண்டும். அது அவளுக்குக் கைவந்தது. காத்திருப்பதுதான் வரவில்லை. முதல் பூச்சு அடித்துப் பத்தொன்பதாவது மணி நேரத்தில் ரோலரோடு கூடத்துக்கு வந்தாள். பென்கோ கதவுகளுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வண்டி கிளம்ப இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு," என்றான். "டிரைவர் போய் டீ குடிக்கலாம்."

வாசனை பிடித்துக்கொண்டு ஆறாவது மாடி ஸ்டான்கா மேலே வந்தாள். கதவுகளைப் பார்த்துவிட்டு, "தொட்கா அக்கா, இது என்ன, மஞ்சளா?" என்றாள்.

"இல்ல, நீலம். போய் உன் கண்ணாடியப் போட்டுட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை கதவுகளை மாட்டினார்கள். நாலாவது கதவு ஐந்தாவதோடு லேசாக உரசியது. கீலைத் திருகித் திருகிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போனது. இடப்பக்க மூன்று கதவுக்குள் அவன் துணி, வலப்பக்க மூன்றில் அவள் துணி என்று பிரித்து அடுக்கினாள் தொட்கா. அறை முழுக்க ஒரே மஞ்சள் வெளிச்சம். அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பென்கோ வாசற்படியில் நின்றான். தலையைக் கொஞ்சம் திருப்பினான். பிறகு நேராக நடந்து போய், எதையும் தடவாமல், இரண்டாவது கதவின் கறுப்புக் கைப்பிடியில் கையை வைத்தான். திறந்து, தன் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். தொட்கா அவன் காலரைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

அன்று மாலை அவன் கீழே போனான். லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. பெஞ்சில் உட்கார்ந்ததும், சீட்டு தனக்குத் தெரியவில்லை என்பதை முதல் வேலையாகச் சொல்லிவிட்டான். பிறகு ஒருவன் வீட்டுக்குப் போய்ப் பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். தன் அம்மாவுக்கு வாங்கினதாம், அவள் தொடவே இல்லையாம்.

பெயிண்ட் முழுசாக இறுக மூன்று வாரம் ஆகும் என்று டெனிட்சா சொல்லியிருந்தாள். அந்த மூன்று வாரமும் தொட்கா அலமாரிக் கதவை முட்டை வைத்த கூடையைப் போல மூடினாள். கெடு முடிந்த மறுநாள் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் பலமாகச் சுரண்டினாள். நகம்தான் உடைந்தது.

ஆகஸ்டில் ஸ்டான்கா தன் சமையலறைக் கதவுகளைச் செய்து தரச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கும் மஞ்சள்தான் வேண்டுமாம். பென்கோ உப்புத்தாளும் தொட்கா ரோலருமாக ஒரு மாடி இறங்கினார்கள். காலை ஒன்பது மணிக்கே படிக்கட்டு முழுவதும் அவர்கள் சத்தம்.

"முடிஞ்சுதா இல்லையா?"

"ஒரு கதவு ஆச்சு."

"ஒண்ணா? நான் ரோலர நனைச்சுட்டேன், பென்கோ."

"பிழிஞ்சு வை," என்றான் அவன், அடுத்த கதவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.