முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள்

சித்தி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகமல்ல, முதுகுதான். தம்போயில் அவர் வீட்டு முன்பக்கம், கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், சாலையைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வலது கை மட்டும் பின்னால் நீண்டிருக்கும். உள்ளங்கையில் அவித்த கோழி ஈரல். அவருக்குப் பின்னால், காலணி அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு கறுப்பு நாய் மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும். செனாயில் தொழிற்சாலை வேலை கிடைத்து, நான் சித்தி வீட்டில் தங்கப் போன வருடம் அது.

பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்த நாயாம். கூலாயில் ஒரு பெண்மணி நடத்திய காப்பகத்திலிருந்து சித்தி அதைக் கூட்டி வந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ரோமம் முளைக்காத சிவந்த வளையம் ஒன்று இருந்தது. யாராவது நிமிர்ந்து நின்றாலே அதற்கு நடுக்கம் எடுக்கும். கண்ணோடு கண் பார்த்துவிட்டால் இருந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். அதற்குச் சித்தி வைத்த பெயர் கண்ணு. இந்தப் பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லி நான் கேலி செய்தால் சித்திக்குக் கோபம் வரும்.

பள்ளிக் கேண்டீனில் நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிவிட்டு வருகிற சித்திக்கு அந்த நாயிடம் மட்டும் எங்கிருந்து அவ்வளவு பொறுமை வந்ததோ. "நாம அதுகிட்ட போகக் கூடாது. அதுவா வரணும்," என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே சட்டம்தான்: குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், முதுகைக் காட்ட வேண்டும், கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் உட்கார்ந்தார். சர்ச்சிலிருந்து வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரும் வெள்ளை அங்கியை மடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினேன். அன்றைக்குத்தான் கண்ணு முதல் தடவையாக ஒரு அந்நியரின் கையை நக்கியது. சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு கண்ணு வேறு நாயாகிவிட்டது. காலையில் தானாகவே கேட்டைத் தாண்டி, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வரும். சித்திக்கு அதில் பெருமை. பகலில் கேட்டைச் சாத்துவதையே விட்டுவிட்டார். எனக்கு மட்டும் அந்தத் திறந்த கேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து போய்ச் சாத்த வேண்டும் போலிருந்தது. ஏனென்று கேட்டிருந்தால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பக்கத்து வீட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த அண்ணனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. ஒரு நாள் கையில் கிரீஸோடு வேலியருகே வந்து நின்றார். "அக்கா, நாய் பிடிக்கிற லாரி நேத்தும் வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சு. யாரோ கம்ப்ளேன் பண்ணியிருக்காங்க போல. லைசென்ஸ் பட்டையை வாங்கிக் கழுத்துல போட்டு விடுங்க லா."

"கம்பி அறுத்த கழுத்துப்பா. அதுல போயி எப்படி நான் பட்டையைக் கட்டுவேன்? கொஞ்ச நாள் போகட்டும்," என்றார் சித்தி.

மறுநாள் மழை. அதற்கு அடுத்த நாள் எனக்கு விடுப்பு. முன்னறை ஜன்னலோரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கூண்டு வைத்த லாரி எதிர்ச்சாரியில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் தெருமுனைப் பக்கம் நடந்தான். மற்றவனுடைய கயிறு சிக்கலாகியிருந்தது. அதைப் பிரிப்பதற்காக எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டி, சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

கண்ணு எழுந்து சோம்பல் முறித்தது. நான் கத்தினேன். என் கத்தலுக்கு அது பயப்படவில்லை. இப்போதுதான் அதற்குப் பயம் விட்டுப் போயிருந்ததே. வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டு சாலையைக் கடந்துபோய் அவன் முழங்கையில் மூக்கை வைத்தது. அவனே திடுக்கிட்டுப் போனான். நான் செருப்பில்லாமல் ஓடிப் போவதற்குள் கயிறு கழுத்தில் ஏறிவிட்டது, பழைய வளையத்தின் மேலேயே. கண்ணு குரைக்கவில்லை. கூண்டுக்குள் தூக்கிப் போட்டபோதும் குரைக்கவில்லை. "பட்டை எங்கே?" என்று அவன் மலாய் மொழியில் கேட்டான். ஈரக்கையோடு ஓடிவந்த சித்தி, "அனாக் சாயா, அனாக் சாயா," என் பிள்ளை, என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே லாரியின் பின்னால் தெருமுனை வரை ஓடினார்.

அங்கே இங்கே விசாரித்து, பிடித்த நாய்களை அடைத்து வைக்கும் இடத்தை நாங்கள் கண்டுபிடித்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே நிறைய நாய்கள் குரைத்தன. சித்தி கதவில் காதை வைத்து வெகுநேரம் நின்றார். மறுநாள் காலையில் திறந்ததும் போனோம். கழுத்தில் புண் இருந்ததால் நோய் பிடித்த நாய் என்று நினைத்து முந்தைய நாளே ஊசி போட்டு முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். திரும்பி வரும்போது காரில் சித்தி ஒரே ஒரு தடவை பேசினார்: "யாருகிட்டயும் போகாத பிள்ளை. நான்தானே போகச் சொல்லிக் குடுத்தேன்."

இப்போது நான் கூலாயில் இருக்கிறேன். போன மாதம் நானும் ஒன்றைக் கூட்டி வந்தேன். பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. தொலைபேசியில் சொன்னபோது சித்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. "உன்கிட்ட மட்டும் வரட்டும். வேற ஒருத்தர்கிட்டயும் போக விடாத," என்றார்.

நேற்று மாலை வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீட்டிய உள்ளங்கையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. இத்தனை நாளும் இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. அது ஈரலைத் தின்று முடிக்கும்வரை அசையாமல் இருந்தேன். பிறகு எழுந்து போய்க் கேட்டைப் பூட்டினேன்.