பை வந்தது, பிள்ளை வரவில்லை

போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. காரைக்காலில் ஒரு தொடக்கப் பள்ளியின் வேனில் நான் ஆயா. அன்றைக்கு வேனில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் அண்ணன், நான், மூன்றாம் வகுப்பில் மூன்று பேர், இரண்டாம் வகுப்பில் இரண்டு பேர், ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர். ஆக மொத்தம் எட்டுப் பிள்ளைகள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால், கிடைத்த இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அன்று வேனில் ஏறும்போது, காலையில் வீட்டு மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்று ஒரே குழப்பம். பிள்ளைகளோ ஓரிடத்தில் உட்காராமல் தாவிக்கொண்டிருந்தார்கள். அதனால் பைகளை எண்ணினேன். எட்டு இருந்தது. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை வழக்கம்போல நாலு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

கிளிஞ்சல்மேட்டில்தான் முதல் நிறுத்தம். ஒன்றாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி அங்கே இறங்க வேண்டும். அவள் அம்மா ரோட்டோரம் நின்றிருந்தாள். நான் பையை நீட்டினேன். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இறக்க இரண்டு கையையும் நீட்டினாள். நான் திரும்பினால், என் பின்னால் யாருமே இல்லை.

"பை வந்துட்டு. புள்ள எங்கக்கா?"

சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தேன். அதே தெருவில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பெண், வராந்தாவில் கிடந்த பையைத் தினமும்போல் தான்தான் தூக்கி வந்ததாகவும், பாப்பா பின்னால் வருகிறாள் என்று நினைத்ததாகவும் சொல்லி அழ ஆரம்பித்தாள். அண்ணன் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். அந்த அம்மாவும் ஏறிக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை. வாட்ச்மேன் எல்லா அறைகளையும் பூட்டிவிட்டால் திங்கட்கிழமைதான் திறப்பார். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வகுப்பு டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பார். பைகளை வராந்தாவில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார வேண்டும். டீச்சர் ஒரு வெண்கலக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டுவார். யாருக்குச் சத்தம் முழுசாக அடங்குகிறதோ அவர்கள் எழுந்து போகலாம். யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. பிள்ளைகள் மனசு இதனால் அமைதியாகும் என்பார். படிக்க வந்த பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள் என்று நான்தான் அண்ணனிடம் முணுமுணுத்திருக்கிறேன்.

பள்ளிக்குள் ஓடினேன், பின்னாலேயே அந்த அம்மாவும். வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு அறை முன்னால் வரை வந்துவிட்டார். கதவைத் தள்ளிப் பார்த்தால், அலமாரிக்குப் பின்னால், சுவரோரமாக, சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள் பாப்பா. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். காலடிச் சத்தம் கேட்டு, கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்:

"டீச்சர், இன்னும் நிக்கல. கேட்டுக்கிட்டே இருக்கு."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும் எனக்கும் கேட்டது. டிங். கொஞ்சம் விட்டு, மறுபடி டிங். வெளியே கொடிக்கம்பத்துக் கயிற்றில் இருந்த இரும்புக் கொக்கி, கடல் காற்றில் ஆடிக் கம்பத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ஏறக்குறைய கிண்ணத்தின் சத்தமேதான்.

"டீச்சர் சொன்னபடிதானே செஞ்சிருக்கு எம்புள்ள," என்று அவள் அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா வெறும் பைய நீட்டுனீங்க பாருங்க, என் உசிரு போய்ட்டுக்கா," என்றாள். பைகளை எண்ணியதை ஒப்புக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அண்ணன் விடவில்லை. "பூட்டுன பூட்ட நாலு தடவ இழுத்துப் பாக்குற ஆளு. தலைய விட்டுட்டுப் பையவா தங்கச்சி எண்ணுவ?" பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், அழுத பெண்ணும் சேர்த்து.

திங்கட்கிழமை டீச்சரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். அவரோ, அலமாரிக்குப் பின்னால் பார்க்காதது தன் தவறு என்றார். இப்போது கடைசியாக ஒவ்வொரு பிள்ளையின் தோளையும் தொட்டுத்தான் அனுப்புகிறார்.

நானும் ஒவ்வொரு தலையிலும் கை வைத்துத்தான் எண்ணுகிறேன். இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டே இருப்பதைத்தான் பொறுப்பு என்று நம்பியிருந்தேன். அந்தப் பயத்தில் இருந்தபோதுதானே ஒரு பிள்ளையையே விட்டுவிட்டு வந்தேன். பயம் இன்னும் போய்விடவில்லை. ஆனால் ஒரு தலையில் கை வைக்கும் நொடியில் மட்டும் மோட்டாரோ தாழ்ப்பாளோ எனக்கு நினைப்பில் வருவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு நொடிதான் என்றாலும், எனக்கு அதுவே பெரிசாக இருக்கிறது.