நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

என் அண்ணனைப் பழிவாங்க நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய வேலை என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாலு மாதம் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

சண்டை ஒரு ஜீப்புக்காக. அப்பா கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டை இயக்குகிற அறையில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு வாங்கிய பழைய ஜீப் அது. அவர் போன பின், சந்தாபுராவில் அம்மாவும் நானும் இருக்கும் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. எஞ்சின் செத்துப்போயிருந்தது. கியர்பாக்ஸில் பல் உதிர்ந்திருந்தது. "காயலான் கடைக்குப் போட்டுத் தொலைங்க" என்று அண்ணன் வருஷத்துக்கு இரண்டு தரம் சொல்வான். நான்தான் விடவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் டிசைனர். ஒரு இரும்பு இன்னொரு இரும்போடு பொருந்த வரைந்து கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் அந்த ஜீப்புக்கு வேறு எஞ்சின், வேறு கியர்பாக்ஸ் வைத்து மறுபடி ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தபோது எனக்குப் பெரிதாகப் பயமில்லை. இரண்டு வருஷம் சனி, ஞாயிறு எல்லாம் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தேன். ஒரு நீள நோட்டுப் புத்தகம் நிரம்பியது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எஞ்சின் இல்லை. அம்மாவின் முழங்கால் இருந்தது. அவளுக்கு மூட்டு போய்விட்டது. பஸ் படி ஏற முடியாமல், தங்கவயலில் இருக்கும் தன் தங்கையை மூன்று வருஷமாகப் பார்க்காமல் இருந்தாள். வாசல் படியில் செங்கல்லை அடுக்கி அடுக்கி அளந்தேன். வலியில்லாமல் அவள் கால் தூக்க முடிகிற உயரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஜீப்பின் பக்கவாட்டில் அந்த உயரத்தில் ஒரு படி, மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதற்குப் பிறகுதான் எஞ்சினே வந்தது.

ஒரு பழைய ஜப்பான் காரின் பெட்ரோல் எஞ்சினைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதோடு ஒரு பிக்கப் வண்டியின் ஐந்து கியர் பாக்ஸ். ஒன்றின் போல்ட் துளை இன்னொன்றுக்கு உட்காராது. நடுவில் ஒரு கனத்த அலுமினியத் தகடு வைத்து, ஒரு பக்கம் அதற்கும் மறுபக்கம் இதற்கும் துளை போட்டு இணைக்க வேண்டும். அதையெல்லாம் வரைந்து முடித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை அந்த எஞ்சினை நேரில் பார்க்க அடுகோடியில் பழைய எஞ்சின் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எஞ்சினின் முன்பக்கச் சக்கரத்தில் இருந்த அம்புக்குறியைத் துடைத்துக் காட்டினார். "எந்த பாக்ஸ் போடப்போறீங்க மேடம்?"

சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது உல்டா சுத்துற எஞ்சின். அதோட சொந்த கியர்பாக்ஸ் இருந்தா சரி. வேற பாக்ஸ் போட்டீங்க, அவ்ளோதான், முன்னாடி ஒரு கியர், பின்னாடி அஞ்சு கியர்!"

எல்லா எஞ்சினும் ஒரே பக்கம்தான் சுற்றும் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். படித்த முட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பிக்கப்பின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்கு வந்தேன்.

ஜீப் இல்லை. காய்ந்த புல் மட்டும் நீள்சதுரமாகக் கிடந்தது.

"அண்ணன் ஆளோட வந்து கட்டி இழுத்துட்டுப் போனான் கண்ணு," என்றாள் அம்மா. "ஏதோ பேப்பர்ல கையெழுத்து கேட்டான், போட்டேன். ஆம்பளப் புள்ள, அவன் பேர்ல இருந்தா நல்லதுதானே?"

நோட்டு ஜீப் சீட்டுக்கு அடியில் இருந்த டூல் பெட்டியில் இருந்தது. அதுவும் போய்விட்டது.

அன்று ராத்திரி முழுக்க அவனைச் சபித்தேன். இருந்தாலும், சத்தியமாகச் சொல்கிறேன், மறுநாள் அவன் ஜீப்பை விட்டிருந்த அடுகோடி ஒர்க்ஷாப்புக்குப் போனது அவனை எச்சரிக்கத்தான். ஜீப்பைக் கேட்டுச் சண்டை போடுவது அப்புறம். முதலில் அந்த எஞ்சினை வாங்காதே என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

மேஸ்திரியும் அண்ணனின் சிநேகிதர்கள் நாலு பேரும் என் நோட்டை பானெட்டின் மேல் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கியா பிளான் சாமி, என்னா பிளான்! இஞ்ச் இஞ்சா போட்டிருக்கீங்க," என்று மேஸ்திரி வியந்தார்.

"ரெண்டு வருஷம் உக்காந்து போட்டேன் பாய்," என்றான் அண்ணன். ஒரு வெட்கம்? ஒரு கூச்சம்? ஊஹூம். என்னைப் பார்த்ததும் முகம்கூட மாறவில்லை. "இது என் தங்கச்சி. ஆபீஸ்ல படம் வரையறா. நான் சொல்லச் சொல்ல இவதான் எழுதினா, கையெழுத்து நல்லாருக்கும்." பிறகு என்னிடம், "ஏம்மா, முக்குக் கடையில ஆறு டீ சொல்லிட்டு வாயேன்."

திறந்த வாயை மூடினேன். போனேன். ஆறு டீ சொன்னேன். என் கையாலேயே ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தேன். அவன் கிளாஸில் மட்டும் சர்க்கரை கூடப் போடச் சொல்லியிருந்தேன். நல்லா குடிடா ராஜா என்று மனசுக்குள் சொன்னேன்.

அடுத்த வாரம் போன் செய்தான். "அந்த நடுத்தகடு இருக்கு பாரு, அதுக்கு கம்ப்யூட்டர் டிராயிங் வேணுமாம். போட்டுக் குடும்மா."

போட்டுக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் அதுவரை அப்படி ஒரு தகடு வரைந்ததில்லை. துளைக்குத் துளை, மயிரிழை பிசகாமல். வேறு எதுவும் பழுதாகிவிடக் கூடாது என்று எனக்கு அவ்வளவு அக்கறை. எஞ்சின் சீராக ஓட வேண்டும், கிளட்ச் வெண்ணெயாக இறங்க வேண்டும், கியர் மணியாக விழ வேண்டும். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடந்தால் போதும்.

ஒரே ஒரு கவலை இருந்தது. யாராவது முன்கூட்டியே கியர் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். அந்தக் கவலையை அண்ணனே தீர்த்துவைத்தான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுரங்கத்தில் ஆயுத பூஜை முடியாமல் கூண்டை ஒரு அடி இறக்கமாட்டார்களாம்; அப்பா அதை வீட்டு வண்டிக்கும் கொண்டுவந்துவிட்டார். சைக்கிளே ஆனாலும் பூஜைக்கு முன் சக்கரம் உருளக் கூடாது. மேஸ்திரி பாவம், கெஞ்சினாராம். "ஒரு ரவுண்டு அடிச்சுப் பாத்துடலாம் சாமி." அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து உறும விட்டதோடு சரி. லாரி எஞ்சின்களோடேயே வாழ்ந்த மேஸ்திரிக்கு அந்தக் கார் எஞ்சின் புதிது. கையில் இருந்த காகிதத்தை நம்பினார்.

ஆயுத பூஜையன்று அடுகோடித் தெருவே சாமந்தியும் வாழைக்கன்றுமாக இருந்தது. அண்ணன் ஊரையே கூப்பிட்டிருந்தான். ஜீப்புக்கு ஆழ்ந்த பச்சையில் பெயின்ட். சும்மா சொல்லக் கூடாது, கண்ணைப் பறித்தது. என் படி இல்லை, என் கம்பி இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று ஏதோ அலங்காரக் குழாய். முதல் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டிருக்கிறான். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அங்கேயே போய்விட்டது.

நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் சுற்றினார்கள். அண்ணன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி, செல்போன்களைப் பார்த்துச் சிரித்தான். நானும் போனைத் தூக்கினேன். இதைப் படம் பிடிக்காமல் விடுவேனா?

திரையில்தான் அம்மாவைப் பார்த்தேன். யாரோ அவளை ஜீப்புக்குப் பின்னால், ஷட்டர் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. "அம்மா, எழுந்திரு, அந்தப் பக்கம் வா."

"இங்கயே நல்லாத்தானேடீ இருக்கு. கால் வலிக்குது."

"எழுந்திருன்னா எழுந்திரு!" இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, ஏறக்குறைய இழுத்துக்கொண்டு தெரு ஓரத்துக்கு வந்தேன். அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்சை விட்டான்.

ஜீப் பின்னால் பாய்ந்தது. நாற்காலி அப்பளமாக நொறுங்கியது, ஷட்டர் உள்ளே வளைந்தது. முன்னால் நாலு எலுமிச்சம்பழமும் குங்குமம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தன.

மேஸ்திரி அண்ணனைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு ஏறி, எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார். ரிவர்ஸ் போட்டால் முன்னால் வந்தது, மற்ற ஐந்தும் பின்னால் இழுத்தன. "ஸ்வல்ப முந்தே பன்னி சார்!" கொஞ்சம் முன்னால் வாங்க சார் என்று பக்கத்து வெல்டிங் கடைக்காரர் கன்னடத்தில் குரல் கொடுத்ததும் தெரு முழுக்கச் சிரிப்பு. அண்ணன் முகம் கறுத்து, இறங்கி நேராக என்னிடம் வந்தான்.

"நீ போட்ட பிளான்தானே இது! தப்பாப் போட்டு வச்சிருக்கே!"

நாலு மாதமாக நான் காத்திருந்ததைவிடப் பெரிய பரிசு அது. என் பிளான் என்று ஊரறியச் சொல்லிவிட்டான். "அப்படியா? நீ ரெண்டு வருஷம் உக்காந்து போட்டதுன்னு சொன்னியேண்ணா," என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. மேஸ்திரி அவனை ஒரு பார்வை பார்த்தார். அப்பாடா! அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். சந்தாபுரா நெருங்கும்போதுதான் அம்மா கேட்டாள்.

"நெழல்ல உக்காந்திருந்தவள எதுக்குடீ வெயிலுக்கு இழுத்துட்டுப் போனே?"

எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று நான் ஆட்டோக்காரரிடம் சொன்னேன். அம்மா விடவில்லை.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைத் தூக்க ஓடி வந்தே. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல. நான் எந்திரிச்ச எடத்துல வேற யாராச்சும் நின்னிருந்தா?"

நீ கையெழுத்துப் போட்டபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அந்த ஜீப்பைப் பார்க்கும் போதெல்லாம் தெரு சிரித்ததில், ஒரு மாதத்தில் அண்ணன் அதை என் பேருக்கே மாற்றி, கட்டி இழுத்து வந்து, பழைய மனையில் விட்டுவிட்டுப் போனான். நோட்டும் சீட்டுக்கு அடியில் இருந்தது. பிக்கப்பின் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வாங்கி, அதே மேஸ்திரியை வைத்துப் பூட்டினேன். இருபத்திரண்டு சென்டிமீட்டரில் படி வைத்தேன். ரப்பர் ஒட்டினேன். கம்பி வைத்தேன்.

அம்மா ஏறவில்லை. "உன் ஜீப்பு. நீ ஓட்டு," என்றாள்.

போன மாதம் தங்கவயலுக்குக் கிளம்பினாள். அண்ணன் ஒரு பெரிய வாடகை வண்டி அனுப்பியிருந்தான். நானும் விடவில்லை, ஐந்து கியரும் முன்னால் போகிற என் ஜீப்பில், வழியெல்லாம் அதன் பின்னாலேயே போனேன். சித்தி வீட்டு வாசலில் அது நின்றது. உயரமான வண்டி. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவி, தரை எட்டாமல் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டாள். டிரைவர் இறங்கி வந்து அவளைத் தூக்கி இறக்குகிற வரைக்கும், ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.