அக்கா போட்டுக் கொடுத்த பிக்கப்

ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கிறவளுக்கு ஊரில் பாதிப் பேர் எதிரி. தெருவில் ஹாரன் அடிக்கிறவன், மாடியில் நாற்காலி இழுக்கிறவள், வாசலில் நின்று போனில் கத்துகிறவன், எல்லோரும் அவள் தூக்கத்துக்கு எமன்கள். இவர்கள் எல்லோரையும் திட்டியிருக்கிறாள். தம்பியை மட்டும் ஒருநாளும் திட்டியதில்லை. இத்தனைக்கும் வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தவன் அவன்தான்.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி பள்ளிக்கூடத்துப் பையன். அன்று முதல் அவனுக்குத் தாயும் அவள்தான், தகப்பனும் அவள்தான். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் தம்பியும் என்னோடு வருவான் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள். இரண்டாவது வாக்கியம் கேட்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியும்வரை ரொட்டி வெட்டும் இயந்திரத்தின் முன்னால் நின்று, துண்டுகளை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கட்டிலைத் தவிர வேறு எதன் மீதும் ஆசை வராது.

தம்பி வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குப் போனான். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை அடுத்த அறையில் கிட்டார் வாசிப்பான். ஆம்ப்ளிஃபயரில் இணைக்க மாட்டான், அக்கா தூங்குகிறாளே. மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாருக்கு என்ன குரல் இருக்கும்? சுவருக்கு அப்பாலிருந்து 'டுக்கு டுக்கு' என்று யாரோ கதவை மெல்லத் தட்டுவதுபோல வரும். அதைக் கேட்டபடியே அவள் உறங்கிப்போவாள். என் தம்பி கிட்டாரைத் தடவிக்கொடுக்கிற மாதிரி வாசிப்பான் என்று ஆலையில் பெருமை பேசுவாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் கூட்டாளிகளும் நண்பன் ஒருவனின் கார் பழுதுபார்க்கும் கொட்டகையில் கூடி வாசிப்பார்கள். அந்த நண்பன்தான் டிரம்ஸ் அடிப்பவன். வந்து கேள் என்று தம்பி பலமுறை கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமையும் ஊர் ரொட்டி தின்கிறது, நான் எப்போது தூங்குவது என்பாள். ஒருமுறைகூடப் போனதில்லை.

பிறகு அவனுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. பெயர் சொல்லக்கூடப் பயமான நோய். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். இரண்டாம் முறை உள்ளே சேர்த்தபோது, கிட்டாரில் பிக்கப் செத்துவிட்டது, வந்ததும் மாற்ற வேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். வந்ததும் என்று அவன் சொன்ன வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் வரும்போது கிட்டார் தயாராக இருக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைக்காரர் பொறுமைசாலி. கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும்தான் பிக்கப், கம்பி அதிர்வதை அதுதான் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது என்று பிரித்தே காட்டினார். ஒற்றைச் சுருள் வைத்தது ஒரு ரகம். குரல் தெளிவாக இருக்கும், விரல் லேசாகப் பட்டாலும் சொல்லிவிடும், ப்ளூஸ் என்று மெதுவாக இழுத்து வாசிக்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் எப்போதும் லேசாக ரீங்காரம் இருக்கும். இரட்டைச் சுருள் இன்னொரு ரகம். அது ரீங்காரத்தை அடக்கிவிடும், குரல் தடிமனாக வரும், சத்தத்தை எவ்வளவு முறுக்கினாலும் தாங்கும். ஹெவி மெட்டல் மாதிரி அதிரடி இசை என்றால் அதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஏற்கெனவே இருந்தது இரட்டைச் சுருள்தான், அதே ரகத்தில் நல்லதாகப் போட்டுவிடட்டுமா என்றும் கேட்டார். மனிதரைக் குறை சொல்ல முடியாது.

"அது வாங்கும்போதே கூட வந்தது. அவன் ரொம்ப மெதுவா வாசிப்பான்ங்க. எனக்குத் தெரியாதா, தினமும் கேக்குறேனே," என்றாள்.

அதே குழிக்குள் உட்காரும்படி செய்த ஒற்றைச் சுருள் ஒன்றை அவர் பொருத்திக் கொடுத்தார்.

தம்பி இளைத்துத் துரும்பாகி வீட்டுக்கு வந்தான். கிட்டாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இன்றைக்கு நான் தூங்கப் போவதில்லை, சத்தமாகவே வாசி என்று சொல்லி அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, சத்தத்தை முறுக்குகிற பெடலைக் காலால் அழுத்திக் கம்பியை அடித்தான். கிரீச்சென்று ஒரு கூச்சல் எழுந்தது, அதன் பின்னால் குளவிக்கூட்டம் மாதிரி இரைச்சல். சட்டென்று கம்பிகளின் மேல் கை வைத்து அடக்கினான். கிட்டாரைக் குனிந்து பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பெடலைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சுரமாக இழுத்து வாசித்தான். முதலில் கொஞ்சம் தடுமாறினான்.

"நல்லா இருக்கா, தம்பி? சரியாத்தான் போட்டேனா?"

"இதுதான் அக்கா நான் தேடிக்கிட்டு இருந்தது."

அதன் பிறகு நாள் தவறாமல் அவளுக்காக ப்ளூஸ் வாசித்தான். அவள் தூக்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். ஆலையில் நின்றபடி கண்ணயர்ந்து மேற்பார்வையாளரிடம் வசவு வாங்கினாள், அதற்கும் சிரித்தாள். இருவரும் அதற்கு முன் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததே இல்லை. அவளுடைய வாழ்க்கையில் சந்தோஷமான காலம் எது என்று கேட்டால் அவன் செத்துக்கொண்டிருந்த அந்த மாதங்கள்தான். கேட்கக் கொடுமையாக இருக்கலாம், உண்மை அதுதான்.

அவன் போனான். அழுது முடித்தாளா என்றால் முடிக்கவில்லை, வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

டிரம்ஸ் அடிக்கும் நண்பன் ஒரு மதியம் வந்தான். கிட்டார் சும்மா கிடக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்று கொடுத்தாள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு, பிக்கப்பை விரலால் தொட்டபடி இருந்தான்.

"இதானாக்கா நீங்க போட்டது?"

ஆமாம் என்றாள். அவன் ரொம்ப ஆசைப்பட்ட பிக்கப் என்றும் சேர்த்துச் சொன்னாள். நண்பன் பிக்கப்பிலிருந்து விரலை எடுத்துவிட்டான். அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. என்னவென்று விடாமல் கேட்டாள். கடைசியில் அவன் போனை எடுத்து, கொட்டகையில் பதிவு செய்ததை ஓட விட்டான்.

தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வீட்டை நிறைத்தது. இதில் என் தம்பி எங்கே என்று கேட்கப்போனாள். அதற்குள் அந்த இரைச்சலுக்கு நடுவே 'டுக்கு டுக்கு' என்று கேட்டது. அதே தாளம், அதே வேகம். காலையில் சுவருக்கு அப்பாலிருந்து வந்து அவளைத் தூங்க வைத்தது இதுதான். உள்ளங்கை ஓரத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு அடித்தால் அப்படித்தான் வரும், மெட்டலுக்கு அதுதான் அடிப்படை, அதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்றான் நண்பன்.

"அப்ப ஏன்டா என்கிட்ட சொல்லல?" அங்கே இல்லாதவனைத்தான் கேட்டாள். நண்பன் பதில் சொன்னான்.

"நானும் கேட்டேன்க்கா. அரைமணி நேர வேலை, மாத்திடலாம்னு சொன்னேன். வேணாம்னுட்டான். இதுல வாசிச்சா அக்கா பக்கத்துல உக்காந்து கேக்குறா, மாத்தினா அவ தூங்கப் போயிடுவா அப்படின்னான்."

அவள் அந்தப் பதிவை முதலிலிருந்து போடச் சொன்னாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, முழுவதும் கேட்டாள். பிடித்துவிடும் என்று நம்பித்தான் கேட்டாள். கொஞ்சமும் பிடிக்கவில்லை. தலை வலித்தது. அவன் உயிரோடு இருந்து இதை வாசித்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கத்தான் போயிருப்பாள். தம்பி அவளைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தான். அவள்தான் அவனைத் தெரிந்துகொள்ளவில்லை.

"இன்னொரு தடவை போடுப்பா," என்றாள்.