ஜோதியம்மாளின் காது

ஒரு தட்டு. தலையைச் சாய்த்து அரை நொடி. பிறகு அடுத்தது. ஓசூர் சிப்காட்டில் இரும்பை உருக்கி வார்க்கும் எங்கள் பவுண்டரியில் ஜோதியம்மாள் ஒரு ஷிப்டுக்கு வார்த்தெடுத்த எண்ணூறு காஸ்டிங்கைச் சின்னச் சுத்தியலால் இப்படித் தட்டி அனுப்புகிறார். நல்ல இரும்பு கணீரென்று இழுத்துப் பேசும். உள்ளே விரிசல் இருந்தால் சட்டென்று அடங்கிவிடும். பக்கத்தில் கிரைண்டர் அலறும்போதும் அவருக்கு அந்த வித்தியாசம் கேட்கிறது. தரப் பிரிவு அதிகாரியான எனக்குக் கேட்பதில்லை.

வயது நாற்பத்தெட்டு. பேரிகை கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார். காதில் செருகக் கொடுத்த இரண்டு பிளக்கில் ஒன்றை மட்டும் செருகுவார். கேட்டால், "ரெண்டையும் அடைச்சா நான் எதுக்குங்க சார் இங்க?" என்பார். ஃபோர்மேன் திம்மப்பனைத் தெலுங்கில் திட்டுவார், கேன்டீனில் கன்னடத்தில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பார். காஸ்டிங்கிடம் மட்டும் தமிழ். விரிசல் விட்டதைத் தள்ளி வைக்கும்போது, "போயி உருகிட்டு வா கண்ணு" என்று வழியனுப்புவார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆரோக்கியநாதன். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ஓர் ஐரோப்பிய இசையமைப்பாளரைப் பதினோரு வருடமாக விடாமல் கேட்கிறேன். மெட்டையும் தாளத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் தனக்கென்று பாதை வெட்டிக்கொண்டவர். பெயரைச் சொல்லமாட்டேன், பங்குக்கு ஆள் சேர்க்க மனமில்லை. இந்த ஊரில் அவரைக் கேட்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு டீ நேரத்தில். அவருடைய இசை என் போனில் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சார், பேரிங் போயிடுச்சா?" என்று மற்றவர்கள் சிரிக்கிற இசை. ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. கையில் டீ ஆறுகிற வரைக்கும் பக்கத்தில் நின்றார்.

"இன்னொருக்கா போடுங்க சார். ஒவ்வொரு சத்தத்தையும் தட்டித் தட்டிப் பாத்துட்டு, தேறினதை மட்டும் வெச்சிருக்காரு."

பதினோரு வருடமாக நான் எழுதிவைத்த குறிப்புகளில் இப்படி ஒரு வரி கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. அன்று அவர் ஒதுக்கிய காஸ்டிங்குகளை மெஷினில் வைத்து மறுபடி சோதித்தேன், ஒன்றிலாவது தப்புக் கண்டுபிடிக்கலாம் என்று. கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஓர் இசை வட்டத்தில் பேச அழைப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த மேடை. போன பொங்கலுக்குப் பழைய கடையில், விவரம் அச்சிட்ட மேலட்டை இல்லாமல் வாங்கிய அந்த இசையமைப்பாளரின் இசைத்தட்டு ஒன்றைப் பற்றிப் பேசுவதாக முடிவு செய்தேன். ஒரு பியானோ இரண்டு வார்த்தை பேசும், நின்றுவிடும். நீண்ட மௌனம். மறுபடி பேசும். அந்த மௌனம் கடவுளின் மௌனம் என்று பதினெட்டுப் பக்கம் எழுதி முடித்தேன்.

பேச்சுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஜோதியம்மாளை வீட்டுக்கு வரவழைத்தேன். அன்பினால் அல்ல. இது ஒன்றாவது அவருக்குப் பிடிபடாமல் போவதைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

தட்டு சுழன்றது. பியானோ பேசியது, நின்றது. நான் விளக்கத் தொடங்கிக் கடவுள் வரைக்கும் போய்விட்டேன். ஜோதியம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"இல்லீங்க சார், நிறுத்தறப்ப சும்மா இருக்கற மாதிரி தெரியல. ஒருத்தர் போன்ல பேசறப்ப நாம பக்கத்துல உக்காந்து கேப்போமில்ல, அப்பிடி இருக்குது. இவரு பதிலைக் காதுல வாங்கிட்டுத்தான் அடுத்ததப் பேசறாரு. அந்தப் பதிலு நமக்கு வரல."

எழுந்து போய் இடப்பக்கத்து ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இது செத்துக் கெடக்குதுங்களே." பின்னால் கையை விட்டார். வயர் கழன்று தொங்கியது. இந்தத் தட்டு வாங்குவதற்கு முன்பே, கிறிஸ்துமஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது கழற்றியது நான், திருகை முடுக்காமல் மாட்டியதும் நான். கோயில் பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கரே போதுமாக இருந்ததால் தெரியவில்லை.

வயரைச் செருகித் திருகை முடுக்கினேன். முள்ளை எடுத்து முதலிலிருந்து வைத்தேன். வலப்பக்கத்துப் பியானோ பேசி நின்றதும், இடப்பக்கத்திலிருந்து இன்னொரு பியானோ மெல்லப் பதில் சொன்னது. நான் எழுதிய பதினெட்டுப் பக்கமும் ஒரு கழன்ற வயரைப் பற்றியது.

பெங்களூரில் போகவிருந்த மானத்தை அவர் காப்பாற்றிவிட்டார். நன்றி சொல்லியிருக்கவேண்டும். பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் காதை ஆண்டவர் எனக்கல்லவா கொடுத்திருக்கவேண்டும்? என்ன இருந்தாலும் சார் நான்தானே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப கவனிங்க, இந்த ரெண்டாவது பியானோ ஏன் வருதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

கேட்டுக்கொண்டிருந்த ஜோதியம்மாள் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தி, என் வாய்க்கு நேராகப் பிடித்தார்.