ஊர்க்காரர் மாட்டிய டிஷ்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முருகேசன், எங்களைப் போலவே ராமநாதபுரத்துக்காரர். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை நம்பினேன்.

“டிவிக்கு எதுக்குக்கா தண்டம் அழுறீங்க? இலவச டிஷ் போட்டுத் தர்றேன். நம்ம தமிழ் சேனல் பூரா வரும்” என்றார். புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு, பழைய டிஷ்ஷையும் செட்டாப் பெட்டியையும் காயலான் கடையில் போடுவதாக எடுத்துப்போனார்.

வந்ததெல்லாம் ஹிந்தி சேனல்கள். கேட்கப் போனேன். அவர் வீட்டு ஹாலில் தமிழ் சீரியல் ஓடியது. டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில், நான் ஒட்டியிருந்த பச்சை ஸ்டிக்கர் பொட்டு! பாக்கியிருந்த எங்கள் வருஷச் சந்தாவில் அவர்கள் தமிழ் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உக்காருங்கக்கா, சீரியல் பாத்துட்டுப் போங்க” என்றார் அவர் மனைவி.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது “நம்ம ஊரா?” என்று கேட்டால், ஹிந்தியில்தான் பதில் சொல்கிறேன்.